தானாக வந்து விழும் படங்கள்

"மாமா, இது மெஷினா, ஆஸ்துமா பேஷண்டா? இந்த இழுப்பு இழுக்குது!"

மாடிப்படிக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மைத்துனர், அந்தக் கறுப்புப் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர். கடை திறப்பதற்குள் ஆரம்பித்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே, படமும் பத்திரமும் சேமித்து வைக்கும் புது சர்வரும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்.

"ஓடற வரைக்கும் ஓடட்டுமே மச்சான்" என்றார் சர்வேயர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் தெருவுக்கு அவர் சர்வேயர்தான்.

"ஓடாது. டிஸ்க் கடைசி மூச்சுல இருக்கு. நின்னுதுன்னா செத்துப்போன எங்க அக்கா போட்டோ, வீட்டுப் பத்திரம் எல்லாம் அதோட போயிடும். அத்தனையும் புதுசுக்கு மாத்திடறேன். நீங்க உங்க போனை மட்டும் மறுபடி இணைச்சுக்கணும். ஒரு போன்தானே?"

"ஒண்ணே ஒண்ணு."

"இதுல ரெண்டு காட்டுதே."

சர்வேயர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை.

"மாமா! இது நம்ம பொண்ணு போனு! நேத்து வரைக்கும் படம் வந்திருக்கு!"

இனி மறைக்க வழியில்லை. அந்த சர்வரையே மகள்தான் கல்லூரி நாட்களில் மாட்டி வைத்தாள். போனில் எடுக்கும் படமெல்லாம் தானாக இங்கே வந்து சேரும்படி செய்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன், அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வெளியூர் வேலைக்குக் கிளம்பினாள். "போனா போனதுதான். எனக்குப் போன் கூடப் பண்ணாதே" என்று வாசலில் நின்று கத்தினார். பிறந்ததிலிருந்து அப்பா பேச்சை அவள் தட்டாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"போன அவசரத்துல நிறுத்த மறந்துட்டா போல" என்றார் சர்வேயர். "அது பாட்டுக்கு வந்து விழுது."

"நீங்க பார்க்கறதுண்டா?"

"சேச்சே! நான் எதுக்குப் பார்க்கறேன்? தூசு தட்டும்போது கண்ணுல படும்."

"எப்பெப்பத் தட்டுவீங்க?"

"தினம் காலைல ஏழரைக்கு."

மைத்துனர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம்தான் வரும். நனைந்த குடை, கருகிய ரொட்டி, ஜன்னலோரத்துத் தொட்டிச் செடியில் புதிதாக ஓர் இலை. அவள் முகம் மட்டும் வந்ததே இல்லை. ஒருமுறை நிழல் வந்தது. நாலு தாலுகா நிலத்தை அளந்த மனிதர், ஸ்கேலை எடுத்து அந்த நிழலை அளந்து பார்த்து, பிள்ளை இப்படி இளைத்துவிட்டாளே என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். அது சாயங்கால நிழல் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

"மச்சான், மாத்தினா அவ போன்ல ஏதாச்சும் காட்டுமா?"

"மறுபடி இணைக்கச் சொல்லிக் கேக்கும்."

"கேட்டா?"

"அட, இது இன்னுமா ஓடுதுன்னு அவளே நிறுத்திடுவா. பேசாம நீங்க ஒரு போன் போட்டு..."

"என்னன்னு போடறது? மூணு வருஷமா திருட்டுத்தனமா உன் வீட்டை எட்டிப் பார்த்துக்கிட்டிருக்கேன்னா?" சர்வேயரின் குரல் இறங்கியது. "எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் மச்சான்."

மைத்துனர் கொஞ்ச நேரம் கேபிளை நீவிக்கொண்டிருந்தார்.

"சரி, அதே பேரு, அதே பாஸ்வேர்டு வெச்சுடறேன். மாறினது அவ போனுக்கே தெரியாது. ஆனா காப்பி ஆகி முடியற வரைக்கும் பழசைச் சாத்தித்தான் ஆகணும். அஞ்சு மணி நேரம். உள்ளே எதுவும் வராது, நீங்களும் திறக்க முடியாது. அதுக்குள்ள அவ கவனிக்காம இருக்கணும், அவ்வளவுதான்."

சாத்தினார்.

ஏழரை வந்தது, போனது. திரையில் பச்சைக் கோடு நத்தை போல நகர்ந்தது. மைத்துனர் கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டு நடை போய்வந்தார். சர்வேயர் நகரவில்லை. பிரசவ அறை வாசலில்கூட அவர் இவ்வளவு தவித்ததில்லை என்று மைத்துனர் பின்னால் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

பதினோரு மணிக்குக் கோடு எழுபது சதவீதத்தைத் தொட்டபோது சர்வேயரின் போன் அடித்தது. பேர் வரவில்லை. அந்த எண்ணை அவர் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டார். மண்டையிலிருந்து அழிக்கும் வித்தைதான் தெரியவில்லை.

"கண்டுபிடிச்சுட்டா மச்சான்!"

"எடுங்க மாமா."

"என்னால முடியாது."

மைத்துனரே பச்சைப் பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் திணித்தார்.

"அப்பா?"

மூன்று வருடமாகக் கேட்காத குரல். சர்வேயர் பிடிபட்ட ஆள் போல உளறினார்: "நான் ஒண்ணும் பண்ணலம்மா. நீ நிறுத்த மறந்துட்டே. அது தானா வந்து விழுது..."

"தானா வர்றதை நான் போன அன்னிக்கே நிறுத்திட்டேன்ப்பா. தினம் ஒண்ணு நான்தான் பொறுக்கிப் போடறேன். ஏழரைக்கு நீங்க திறந்ததும் என் போன்ல ஒரு மணி அடிக்கும், அப்பா நல்லா இருக்கார்னு நான் வேலைக்குக் கிளம்புவேன். மணி பதினொண்ணு ஆச்சுப்பா, நான் இன்னும் கிளம்பலை."