எட்டாம் ஜன்னலில் ஒரு கைரேகை

லிமாவில் வெயில் எட்டிப் பார்க்காத ஜூலைக் காலை. வெளியுறவு அமைச்சகத்தின் எட்டாம் ஜன்னல் வரிசையில் எனக்கு முன்னால் எதெல்வினா நிற்கிறாள். சந்தையில் சோளம் அவித்து விற்பவள்; அவள் சால்வையில் அந்த ஆவி மணம் இன்னும் இருக்கிறது. ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போன மகள், அது முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் வந்து இருந்தாக வேண்டும் என்பது விசா விதி. அதிலிருந்து விலக்குக் கேட்கும் மனுவில் மகளுக்குப் பதிலாகத் தாய் கையெழுத்துப் போடுகிறாள். பக்கத்தில் ஆள்காட்டி விரல் ரேகையும் வேண்டும். இங்கே வெறும் பேனாவை எவன் நம்புகிறான்? "அமுக்கி வைங்கம்மா. ரெண்டு தடவையும் தொட்டும் தொடாம வச்சா எப்படி விழும்?" என்கிறான் குமாஸ்தா. "வச்சா என்னன்னு எழுதிக் குடுப்பீங்க, தம்பி?" "உங்க மக திரும்பி வராட்டியும் பெரு நாட்டுக்கு ஆட்சேபணை இல்லன்னு." அவள் தலையாட்டுகிறாள். "ஆட்சேபணை இருக்கறவங்க எந்த ஜன்னலுக்குப் போகணும்?" குமாஸ்தா சிரிக்கிறான். வரிசையும் சிரிக்கிறது. அவளும் சிரித்துக்கொண்டே விரலைக் கறுப்பு மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்துகிறாள். நகம் வெளுக்கிறது. "போதும்மா, நல்லா விழுந்திருக்கும், எடுங்க" என்கிறான். அவள் எடுக்கவில்லை.