மலையோடு கவ்வாத்து

சுவரில் பன்னிரண்டு படங்கள். ஒன்றில்கூட ஒருவருக்கும் தலை இல்லை.

சிவரூபி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். தலைகள் வரவில்லை.

எல்லாப் படமும் முழங்காலோடு நின்றது. சேறு அப்பிய கால்கள். அட்டை கடித்த கணுக்கால். ஓர் ஆட்டின் நாலு குளம்பு. அதற்கு மேலே காகிதமே இல்லை. கத்தியால் ஒரே இழுப்பாக இழுத்து அறுத்திருந்தது.

ஒவ்வொரு படத்தின் கீழும் பத்து வரிக் கவிதை இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒரே ஒரு வரி.

மணி பத்தேமுக்கால்.

பதினொரு மணிக்குப் பதுளையிலிருந்து அதிகாரி றுமைஸா மேடம் வருகிறார். பெரியவர்களுக்குக் கவிதையும் ஓவியமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஞாயிறு வகுப்பு தேவைதானா என்று பார்ப்பதற்கு. திருப்தி இல்லையென்றால் வகுப்பு இன்றோடு சரி. சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் சிவரூபி மற்ற ஆறு நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்திவந்தாள்.

அவள் நெஞ்சு அடித்த அடியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நமுனுகுல மலையில் மேய்ந்த மாடுகள்கூடத் தலை தூக்கிப் பார்த்தனவாம்.

"ஆர் பார்த்த வேலை இது?"

வகுப்பு நடப்பது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். நாற்காலிகளும் குழந்தைகளின் அளவுதான். முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரில் வீரய்யா மட்டும் எழுந்தார். எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்தது.

"நாந்தாங்க. நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னாள்தான்.

வீரய்யா தேயிலை கவ்வாத்து வெட்டியே ஓய்வுபெற்றவர். அவருடைய கவிதை எழுபத்துநாலு சரணம். முன்பு வந்த அதிகாரி நாற்பதாவது சரணத்தில் எழுந்து வெளியே போனவர், மொனராகலைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டுதான் நின்றார். அந்தப் பயத்தில் சிவரூபி, மூன்று கிழமைக்கு முன்பு, பள்ளிப் பரீட்சை வேலைக்காக விடுப்பில் போகும்போது, எல்லாருக்கும் படத்திலும் கவிதையிலும் மீதியை வீட்டில் முடிக்கச் சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்துக்காரிக்கும் தோட்டத்துச் சொல் தெரியும் என்று காட்டுகிற ஆசையில், "உங்கட கவிதையைக் கொஞ்சம் கவ்வாத்துப் பண்ணிக்கொண்டு வாங்கோ, ஐயா" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள்.

கவ்வாத்து என்றால் நுனியை அழகாகக் கத்தரிப்பது என்று அவள் நினைத்திருந்தாள். தேயிலைக்குக் கவ்வாத்து என்றால் முழங்காலுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது.

"நான் உங்களுக்குத்தானே சொன்னனான்! மற்றாக்கள்ட படத்தை ஏன் வெட்டினீங்கள்?"

"ஒத்தச் செடிய மட்டும் யாராச்சும் வெட்டுவாங்களா டீச்சர்? வெட்டுனா மலையோடதான், எல்லாச் செடியையும் சேத்துத்தான் வெட்டணும். பயப்படாதீங்க, மூச்சு விட ஒவ்வொண்ணுலயும் ஒரு கெள விட்டிருக்கு."

அந்த ஒரு வரிதான் கிளை போலிருக்கிறது.

வெளியே ஜீப் நின்றது. சிவரூபி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

றுமைஸா மேடம் உள்ளே வந்தார். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி ஒவ்வொரு படமாக நகர்ந்தார்.

ஆட்டுக் குளம்புகளின் கீழே: *இது எங்க ஆடு இல்ல.*

சேற்றுக் கால்களின் கீழே, அங்கம்மா எழுதியது: *இந்த மலைய என் காலுக்குத்தான் தெரியும்.*

படியில் கழற்றி வைத்த புதுச் செருப்பின் கீழே, நிரஞ்சலா: *டுபாயிலயிருந்து செருப்பு வந்துருச்சு. அவரு வரல.*

அங்கே மேடம் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சிவரூபி அதற்குள் மூன்று முறை வேலையை இழந்து, யாழ்ப்பாணம் போய், அம்மாவிடம் ஏச்சு வாங்கி, திரும்பி வந்துவிட்டாள்.

"மிச்சம் எங்க?"

டீச்சரை முந்திக்கொண்டார் வீரய்யா. "கவ்வாத்து வெட்டுன மலைங்க மேடம். மூணு மாசத்துல துளுத்துரும். அதுக்கு முந்தி எந்தத் தோட்டத்துத் தொரையும் மலைய மூட மாட்டாரு."

மேடத்தின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா காகிதத்தில் ஓடிய நேரத்தில் இந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்கு நடந்தே போய் வந்திருக்கலாம்.

"அப்ப மூணு மாசம் கழிச்சு வாரேன். அது வரைக்கும் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், டீச்சர்."

ஜீப் வளைவில் மறைந்ததும் சிவரூபி ஒரு குட்டி நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே.

"வெட்டின துண்டுகளை எறிஞ்சு போட்டீங்களோ, ஐயா? கொண்டு வாங்கோ. நான் பசை போட்டு ஒட்டித் தாறன்."



நிரஞ்சலா அங்கம்மாவைப் பார்த்தாள். அங்கம்மா வீரய்யாவைப் பார்த்தாள். வீரய்யா கூரையைப் பார்த்தார்.

"கொழுந்து கூடுன மாசம், டீச்சர்" என்றாள் அங்கம்மா, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. "ஞாயித்துக்கெழமையும் கொழுந்தெடுக்க மலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. ஐயா வெட்டுனது வெறுந்தாளுதான். முழங்கா வரைக்குந்தான் வரைய நேரம் கெடச்சுது."