எதிலும் சாகாத ரகம்

"இதுவும் செத்துப்போச்சு, வலெந்தி."

நிலவறைக்குள் நின்று சபீனா சொன்னாள். வலெந்தி கீழே இறங்கவில்லை. மேல்படியில் நின்றபடியே, எத்தனை நாளாயிற்று என்று தன் மனைவியிடம் கேட்டான்.

நான்கு நாள். பத்து லிட்டர் கண்ணாடிக் குடுவையில் தேன்நீர் அசையாமல் இருந்தது. குடுவையின் வாயில் செருகிய வளைந்த குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. நொதிக்கப் போட்ட முதல் ஈஸ்ட்டும் இப்படித்தான் செத்தது. இது இரண்டாவது.

மகள் கிங்காவுக்கு அக்டோபரில் பிரசவம். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். அந்த விருந்துக்கான தேன்மது இது. ஒரு பங்கு தேன், மூன்று பங்கு தண்ணீர். இப்போது போட்டால்தான் அப்போது பதத்துக்கு வரும். முப்பது வருடத்தில் வலெந்தி போட்ட குடுவை ஒன்றுகூடத் தவறியதில்லை. சம்பந்தி வீட்டார் அதற்காகவே வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்படியானால் தவறு கையில் இல்லை. தேனில்.

மே மாதம் பக்கத்துப் பண்ணையில் கடுகு பூத்திருந்தபோதே மருந்தடித்தார்கள். மறுநாள் வலெந்தியின் தேன்பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் கை நிறைய அள்ளும்படி செத்துக் கிடந்தன. வருடாவருடம் நடப்பதுதான் என்று வலெந்தி அவற்றைப் பெருக்கித் தள்ளினான். அந்தப் பெட்டிகளில் எடுத்த தேன்தான் குடுவையில் இருந்தது. அதைத்தான் கிங்கா தினமும் காலையில் சூடான பாலில் இரண்டு கரண்டி கலந்து குடித்தாள்.

சபீனா பேருந்து ஏறி பியெல்ஸ்க் நகரத்துக்குப் போனாள். மது தயாரிக்கும் சாமான்கள் விற்கும் கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வெறும் தேனில் ஈஸ்ட் வளராது, சத்துத்தூள் சேர்த்தீர்களா என்றார். சேர்த்திருந்தார்கள். முதலில் வாங்கியது மெல்லிய வெள்ளை ஒயினுக்கானது, இனிப்பு கூடினால் மிரண்டுவிடும் என்றார். இரண்டாவது நல்ல ரகம்தான், கொஞ்சம் சோம்பேறி. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துவந்தார். பாதியில் நின்றுபோன மதுவையே எழுப்பி ஓட்டுகிற ரகமாம். குளிர், இனிப்பு, சாராயம் எதிலும் சாகாதாம்.

"இதுவும் செத்தா?"

"இதுவும் செத்தா, அந்தத் தேனை நான் நாய்க்குக்கூட வைக்க மாட்டேன்மா."

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை வலெந்தியிடம் நீட்டினாள். வாங்கும்போது அது அவன் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தான். மறுபடியும் விழுந்தது. நிழலில்தான் நின்றான், நெற்றி நனைந்திருந்தது. இரண்டு வாரமாகச் சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. கேட்டால் வயது என்பான். காலையில் தேன் தடவிய ரொட்டி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

முதலில் தேனீ. பிறகு ஈஸ்ட். இப்போது வலெந்தி. அதற்கு மேல் எண்ண சபீனாவுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் கிங்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். திரும்பும் வழியில், கொஞ்ச நாள் தேன் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தாள். கிங்கா சிரித்தாள்.

"அப்பாவோட தேன் விஷம்னா ஊர்ல பாதிப் பேரு எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பாங்கம்மா."

அவர்கள் வந்து சேர்வதற்குள் வலெந்தி புதிதாகத் தேன்நீர் காய்ச்சி, மூன்றாவது ஈஸ்ட்டும் சேர்த்து, குடுவையில் ஊற்றி நிலவறை வாசலில் வைத்திருந்தான். சபீனாதான் கீழே தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் குடுவையில் காதை வைத்துக் கேட்டாள். சிறிய முணுமுணுப்பு போதும் அவளுக்கு. கண்ணாடி குளிர்ந்திருந்தது. தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது.

ஐந்தாம் நாள் காலை மேலே வந்தபோது கிங்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் தம்ளர் காலியாக இருந்தது.

"லேசா தலை சுத்துதும்மா. ஒண்ணுமில்ல."

சபீனா அவளைப் படுக்கவைத்தாள். மருத்துவமனைக்குப் போன் செய்தாள். தேனைப் பற்றிச் சொன்னாள். உடனே அழைத்து வரச் சொன்னார்கள். மருமகன் வண்டியோடு வர அரைமணி ஆகும். அதற்குள் சபீனா கொட்டகைக்குள் போய், புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைத்திருந்த பெட்ரோல் கேனை எடுத்துக்கொண்டு பிளம் மரங்களுக்கு அடியில் இருந்த தேன்பெட்டிகளை நோக்கி நடந்தாள்.

வலெந்தி ஓடி வந்து முதல் பெட்டிக்கு முன்னால் நின்றான்.

"தள்ளு."

"சபீனா, தேன் சுத்தமா இருக்கு."

"எதிலயும் சாகாததே செத்துப்போச்சு. உன் கையைப் பாரு. இப்ப அவளுக்கும் ஆரம்பிச்சிடுச்சு. தள்ளு."

அவள் மூடியைத் திருகினாள். அவன் கேனைப் பற்றினான். பிடிக்க முடியவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"ஈஸ்ட்டைக் கொன்னது நான்தான்" என்றான். "மூணு தடவையும், அடுப்புல கொதிக்கிறப்பவே போட்டேன்."

சபீனாவுக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது நொதிச்சா ருசி பாக்கத் தினம் கீழ போகணும். முப்பது வருஷமா ருசி பாக்கறேன்னுதானே நீங்க எல்லாரும் நினைச்சிருந்தீங்க. பத்தொன்பது நாளாச்சு, நான் குடிக்கறத விட்டு. நடுக்கம் அதுல வந்தது."