படி இல்லாத கோபுரம்

“அப்போ இன்னிக்குக் கொன்னுடறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?” என்று கேட்டாள் மனைவி. கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஆமா. இனி வச்சுக் காப்பாத்த என்ன இருக்கு? ஒரே வரி. எண்டர் தட்டினா போய்ச் சேர்ந்துடும்.”

“பாவம், வலிக்காம பாத்துக்கோங்க” என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

மேசைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் ஆஸ்துமா வந்தவன்போல இரைந்துகொண்டிருந்தது. கரடி, தாடி, டிரைவர் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட கூட்டாளிகளோடு விளையாடுவதற்கென்றே அதில் ஒரு கேம் சர்வர் நடத்திவந்தான். விளையாட்டு, அது ஓடத் தேவையான சாமான்கள், அவர்கள் சேர்ந்து கட்டிய உலகம், எல்லாம் ஒரே பொட்டலமாகக் கன்டெய்னர் ஒன்றுக்குள் இருந்தன. சாக வேண்டியது அந்தக் கன்டெய்னர்தான்.

உள்ளே இருந்த உலகத்துக்கு எருமைக் கோட்டை என்று பெயர். நடுவில் ஒரு கோபுரம். அதன் உச்சியில்தான் எல்லோருக்கும் படுக்கை. வெளியே போனவன் எப்போது திரும்பி வந்தாலும் அங்கேதான் கண் விழிப்பான்.

ஏறி இறங்க வடக்குச் சுவரில் ஓர் ஏணி மட்டும். தெற்குப் பக்கம் படி வைக்கலாம் என்று கரடி கெஞ்சினான், சண்டை போட்டான், ஒருநாள் தானே கட்டியும் விட்டான். இவன் அதை ஒரு கல் மிச்சமில்லாமல் இடித்துத் தள்ளினான். “சர்வர் என்னோடது. கோட்டைன்னா ஏணிதான். இஷ்டமிருந்தா இரு, இல்லன்னா கிளம்பு.”

இருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். தாடிக்குக் குழந்தை பிறந்து தூக்கம் போனது. டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கரடியின் கம்ப்யூட்டர் புகைந்து போனது.

போகும்போது தாடி மட்டும், “ஞாபகமா வச்சுக்கறேன், கோட்டைய ஒரு காப்பி குடுடா” என்று கேட்டு வாங்கிக்கொண்டான். இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “எந்த மெஷின்ல போட்டாலும் பேர் முதற்கொண்டு அப்படியே எழும்பும்டா. கன்டெய்னரோட அழகே அதான்” என்று பாடம் வேறு நடத்தினான்.

அதற்குப் பிறகு கோட்டைக்குள் ஈ, காக்கை இல்லை. இவன் மட்டும் வேலை முடிந்து வந்ததும் உள்ளே போவான். பந்தங்களை ஏற்றி, வேலியைச் சரிபார்த்து, கதவைச் சாத்திவிட்டு வருவான். “ஆளே தங்காத சத்திரத்துக்கு வாட்ச்மேன் வேற” என்பாள் மனைவி.

இன்று காலை கூட்டாளிகளின் போன் குரூப்பில் எழுதியிருந்தான்: ‘கோட்டைய மூடறேன். கடைசியா ஒருதடவ வந்துட்டுப் போங்கடா.’

தாடி அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டான். டிரைவர், ‘உக்காரவே முடியல மச்சி’ என்றான். கரடி படித்துவிட்டதாகக் குரூப் காட்டியது, பதிலைக் காணோம்.

“ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்தாக்கூட விட்டுவச்சிருப்பேன்” என்றான் மனைவியிடம். வரியை அடித்து முடித்துவிட்டு எண்டர் மேல் விரலை வைத்தான்.

அப்போது திரையில் ஒரு வரி ஓடியது: கரடி உள்ளே வந்தார்.

சுட்டதுபோல விரலை எடுத்தான். அடித்த வரியை அவசர அவசரமாக அழித்தான். “ஏய், இங்க வா! கரடி வந்துட்டான்!”

மனைவி கையில் இருந்த சட்டையோடு ஓடி வந்தாள். “அவர் கம்ப்யூட்டர்தான் புகைஞ்சு போச்சுன்னீங்களே?”

“இரவல் வாங்கிட்டு வந்திருப்பான். எனக்காக வந்திருக்கான், புரியுதா? சத்திரம்னு சொன்னியே!”

அவளுக்கே முகம் மலர்ந்துவிட்டது. “சரி சரி, வாட்ச்மேனுக்கு வேலை போகல” என்றாள்.

இவனும் விளையாட்டுக்குள் நுழைந்தான். கோபுரத்து உச்சியில் கண் விழித்தபோது கரடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். மைக்கில் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தான்; அதே கட்டைக் குரல். கூப்பிட வாயெடுத்தான். அதற்குள் அவன் நகர்ந்துவிட்டான்.

கரடி ஏணிப் பக்கம் திரும்பவே இல்லை. தெற்கு விளிம்பை நோக்கிச் சொந்த வீட்டில் நடப்பவன்போல விறுவிறுவென்று நடந்தான். நிற்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. வெறும் காற்றில் காலை வைத்துத் தலைகுப்புறக் கீழே போனான்.

“ஐயோ! டேய், நம்ம படிய எவன்டா இடிச்சது?” என்று ஸ்பீக்கர் அலறியது.

எந்தப் படி? அதை இவன் இடித்துத்தான் காலம் எவ்வளவோ ஆகிவிட்டதே. மனைவி இவனைப் பார்த்தாள். இவன் திரையைப் பார்த்தான்.

கரடியின் மைக்குக்குப் பின்னால், அவன் போனிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. டிரைவரின் சிரிப்பு, இடுப்பு வலி உள்ளவன் அப்படிச் சிரிக்க முடியாது. அடுத்து தாடியின் குரல், அடக்கமாக, அவசரமாக:

“மடையா, அது நம்மளோடது இல்ல, அவன் கோட்டைடா, சத்தம் போடாம வெளிய வந்துடு.”