குள்ளப் பூசாரியின் மந்திர விதி

விளையாட்டுப் பலகையில் காயம்பட்டுக் கிடந்த வீரனை விழுங்க டிராகன் வாயைத் திறந்தது. தாடி வைத்த குள்ளப் பூசாரி பொம்மை பதறிப்போய், விளையாட்டு விதிகளை எழுதும் பென்சிலைக் கூப்பிட்டது.

"பென்சிலண்ணே, இவனைக் குணமாக்க எனக்கொரு மந்திர விதி எழுதுங்க!"

"தாடியை மூணு தடவை ஆட்டினால் காயம் ஆறும்," என்று பென்சில் எழுதியது.

"இவ்வளவு சுலபமாவா? என்னை உருட்டி ஆறு விழணும்," என்றது பகடை.

பென்சிலுக்கு உற்சாகம் பிறந்தது. பாறைமேல் நிற்கணும், செவ்வாய்க்கிழமை ஆகாது, தும்மினால் செல்லாது என்று ஒன்பது பக்கம் எழுதித் தள்ளியது. பூசாரி எழுத்துக்கூட்டிப் படித்து ஏழாம் பக்கம் வந்தபோது டிராகன் முனகியது.

"சாமி, திறந்த வாய் திறந்தபடியே தாடை பிடிச்சுக்கிச்சு. முதல்ல எனக்கு மந்திரம் போடுங்க."

"டிராகனுக்கா? அதுக்கு விதியே இல்லையே!" என்று துள்ளிய பென்சில், சந்தோஷமாகத் தன்னைச் சீவிக்கொள்ள ஓடியது.