டீச்சருக்கு வராத பரிசோதனை

"இன்னைக்கும் சொதப்பலா?"

முணுமுணுத்தபடி தலைமையாசிரியை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஏழாம் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அறிவியல் டீச்சர் கண்ணாடி பாட்டிலுக்குள் எரியும் காகிதத்தைப் போட்டார். தீ அணைந்து, புகையும் அடங்கும்வரை நிதானமாக வேடிக்கை பார்த்தார். அப்புறம்தான் உரித்த அவித்த முட்டையை எடுத்து பாட்டிலின் வாயில் வைத்தார்.

முட்டை அசையவில்லை.

"தானா உள்ள போகும்னு சொன்னேன். இது என்னடா, சட்டமா உட்கார்ந்திருக்கு!"

"முட்டை பெருசு டீச்சர்!"

"லேட்டா வச்சீங்க டீச்சர்!"

ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"எனக்கு வரலப்பா. தெரிஞ்சவங்க வந்து செய்யுங்க."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள். டீச்சர் வேறொரு பாட்டிலில் காகிதத்தைக் கொளுத்திப் போட, தீ எரியும்போதே சட்டென்று முட்டையை வைத்தாள்.

ப்ளக்!

முட்டை உள்ளே விழுந்தது. வகுப்பே மேசையைத் தட்டியது. சிறுமிக்கு வாயெல்லாம் பல்.

மணி அடித்ததும் தலைமையாசிரியை டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வாரமா பார்க்கிறேன். எரிமலை பொங்கவே இல்ல, பலூன் ஊதவே இல்ல, இன்னைக்கு முட்டை. டீச்சருக்கே ஒண்ணும் தெரியலன்னு பெத்தவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. திங்கள்கிழமையிலேருந்து இந்த வகுப்பை வேற ஆளுக்குக் கொடுக்கப் போறேன்."

"ரெண்டே ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்க மேடம். அப்புறம் எல்லாம் சரியா வந்துடும்."

டீச்சர் முகத்தில் துளிக் கலக்கம் இல்லை. அதுதான் தலைமையாசிரியைக்கு எரிச்சலைக் கிளப்பியது. இவங்க லேபில் அப்படி என்னதான் செய்யறாங்க? விறுவிறுவென்று அங்கே போனார்.

லேப் உதவியாளர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மேசைமேல் வரிசையாக ஆறு பாட்டில்கள். ஆறுக்குள்ளும் முட்டை.

"இதெல்லாம் யார் செஞ்சது?"

"டீச்சர்தாங்க. காலையில ஏழு மணிக்கே வந்துடுவாங்க. எல்லாத்தையும் சரியா செஞ்சு பார்த்துட்டு, எந்த இடத்துல தப்பு பண்ணினா பிள்ளைங்க கண்டுபிடிக்கும்னு யோசிச்சு வச்சுக்கிட்டுதான் வகுப்புக்குப் போவாங்க."

"அப்போ வேணும்னேதான் சொதப்புறாங்களா? எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

உதவியாளர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போன மாசம் அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு ஒரு குடுவையைக் கீழே போட்டு உடைச்சிடுச்சுங்க. வகுப்பே கைகொட்டிச் சிரிச்சுது. அதுக்கப்புறம் எதையும் தொடவே மாட்டேன்னுடுச்சு. அன்னையிலேருந்து அந்த வகுப்புல முதல்ல தோக்குறது டீச்சர்தாங்க."