வாய் திறக்காத சாதகம்

இசைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைத் தேர்வில் பாடும் கற்பனை ஸ்வரம் புத்தம் புதிதாக இருக்க வேண்டும். அதற்கு முன் எங்கேயாவது பதிவாகியிருந்தால் அது காப்பி. முன்பு பாடியது அதே மாணவியாக இருந்தாலும் காப்பிதான். போன வருடம் ஒருத்தி சமையலறையில் முணுமுணுத்த நான்கு தாளச் சுற்றுகளை ஃபிரிட்ஜ் கேட்டுப் பதிவு செய்துவிட்டது. அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை.

அதனால் தமயந்தி வீட்டில் வாய் திறந்து பாடுவதில்லை. தினமும் நான்கு மணி நேரம் தொடையில் தாளம் போட்டபடி மனதுக்குள் பாடுவாள். கல்யாணமாகி இரண்டு வருடங்களில் அவள் கணவன் இளவழகன் கேட்டதெல்லாம் அந்தத் தட்டல்தான்.

தேர்வன்று அவன் அரங்கத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே யாரோ பாடினார்கள். கையிலிருந்த காபியை அவன் குடிக்கவே இல்லை.

"யாருங்க பாடறது?" என்று வாசலில் நின்ற ஊழியரிடம் கேட்டான்.

"உங்க வீட்டம்மாதான் சார்."

கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. பழைய பதிவு எதனுடனும் ஒத்துப்போகவில்லை, முதல் வகுப்பு.

திரும்பும்போது பஸ்ஸில் இளவழகன் மெதுவாகக் கேட்டான். "அந்தக் கடைசி இடத்த ஒரு தடவ பாடேன். எனக்கு மட்டும். அதுதான் பதிவாயிடுச்சே, இனிமே என்ன?"

"பாடினா அதே மாதிரி வராதுங்க. புதுசா ஏதாவது வந்துடும். பஸ் கேட்டுடும்" என்றாள் தமயந்தி. "பிஎச்டிக்கு வேணும்."

அவள் கை அதற்குள் தொடையில் தட்டத் தொடங்கியிருந்தது. இளவழகன் தன் உள்ளங்கையை அதற்கு அடியில் வைத்துக்கொண்டான்.